தூர் யாருக்குச் சொந்தம்?

கமுதிப் பக்கம் ஒரு கண்மாயின் உள்வாயில், வெட்டி 3 வருடம் ஆன சீமைக்கருவேலத் தூர் ஒன்றைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். கரிமூட்டம் போடும் பெரியவர் ஒருவர் கடப்பாரையால் மண்ணை நெம்பிக்கொண்டிருந்தார். தூரிலிருந்து 11 கிளைகள் கிளம்பியிருந்தன. வெட்டும்போது ஒற்றை மரமாக நின்றதாம். ஒரு சாண் ஆழம் போனதும் தண்டும் வேரும் சேரும் இடம் தெரிந்தது. கழலை மாதிரி தடித்து, முடிச்சு முடிச்சாக இருந்தது. பெரியவர் கடப்பாரை நுனியால் அதைத் தட்டிக் காட்டினார்.

"முளைக்கிறதெல்லாம் இந்த இடத்துலதான் தம்பி. இதுக்குக் கீழ அறுத்துட்டா வேரு சும்மா கெடந்து மக்கிப்போகும். மேல வெட்டுனா அது வெட்டு இல்ல, கவாத்து."

வனவியல் நூல்கள் பக்கக்கணக்கில் சொல்வதும் இதைத்தான். சீமைக்கருவேலத்தின் உறங்கும் மொட்டுகள் தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே, அந்தத் தடித்த கழுத்தில் இருக்கின்றன. அதை எடுக்காமல் மேலே எத்தனை முறை வெட்டினாலும் மரம் புதராகும்; புதர் அடுத்த வெட்டுக்குள் இன்னும் அடர்ந்த புதராகும்.

அந்தக் கவாத்தை நாம் ஊர்கூடிச் செய்திருக்கிறோம். 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டபோது தென்மாவட்டங்களில் ஒரு திருவிழாவே நடந்தது. கட்சிக்காரர்கள், கல்லூரி மாணவர்கள், ரசிகர் மன்றத்தார் என்று ஆளுக்கொரு அரிவாளோடு இறங்கினார்கள். பதாகை பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். சில மாதங்களில், இந்த மரத்தால் உண்மையில் என்ன கெடுதல் என்பதற்கு அறிவியல் ஆதாரம் வேண்டும் என்று நீதிமன்றமே இடைக்காலத் தடை போட்டது. தடை நீங்கியது, வழக்கு தொடர்ந்தது. ஊடுருவும் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கென்று ஒரு கொள்கையைத் தமிழக அரசு 2022 ஜூலையில் வெளியிட்டது. இதற்கிடையில் 2017இல் வெட்டிய இடங்களில் பல, இரண்டு மழைக்காலத்துக்குள் பழையபடி ஆகிவிட்டன. ஆர்வத்துக்கோ ஆட்களுக்கோ அன்று குறைவில்லை. வெட்டியவர்கள் மறுவருடம் அந்த இடத்துக்குத் திரும்பி வரவேண்டிய அவசியம் இல்லாதவர்கள் என்பதே குறை.

இந்த மரம் வந்த கதையைக் கேட்டால் ஊரில் ஒரே பதில்தான் கிடைக்கும்: காமராஜர் காலத்தில் அமெரிக்காக்காரன் விதையைக் கொடுத்துவிட்டான், நம் மண்ணைக் கெடுக்கச் செய்த சதி. வாட்ஸ்அப் வந்தபின் இந்தக் கதைக்கு விமானமும் சேர்ந்துகொண்டது. ஆவணம் சொல்வது வேறு. 1876இல் சென்னை மாகாணத்தின் வடக்கு வட்ட வனக் காப்பாளராக இருந்த லெப்டினென்ட் கர்னல் பெட்டோம், வறண்ட நிலத்துக்கு ஏற்ற விறகு மரம் என்று இதன் விதையைக் கேட்டு வருவாய்த் துறைக்கு எழுதினார். தென்னிந்தியப் பெரணிகளைப் பற்றி இன்றும் புரட்டப்படும் நூலை எழுதியவர் இவர். ஜமைக்காவிலிருந்து வந்த விதை 1877இல் கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் ஊன்றப்பட்டது. தாது வருடப் பஞ்சம் மாகாணத்தைத் தின்றுகொண்டிருந்த நேரம் அது. தண்ணீர் இல்லாமல் வளரும், ஆடுமாடு தழையைத் தொடாது, வெட்ட வெட்டத் தழைக்கும், நன்றாக எரியும் என்று ஒரு மரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டால் அன்றைக்கு யார்தான் வேண்டாம் என்றிருப்பார்கள்? இன்று நாம் குற்றப்பத்திரிகையில் எழுதும் குணங்கள் அத்தனையும் அன்று சிபாரிசுக் கடிதத்தில் இருந்தவை.

1940இல் ஜோத்பூர் சமஸ்தானம் இதை அரச மரியாதைக்குரிய தாவரம் என்று அறிவித்தது. விடுதலைக்குப் பிறகு விறகுக்கும் வேலிக்கும் விதை பரவலாகப் போனது உண்மை. சதிக்கதையில் ஒட்டியிருக்கும் உண்மை அந்த அளவுதான். நம் ஆட்களும் கேட்டு வாங்கித்தான் ஊன்றினார்கள். வேலிக்காத்தான் என்ற பெயரை வைத்தது எந்த அதிகாரியும் இல்லை. பயிரை ஆட்டிடமிருந்து காத்துக் கொடுத்த மரத்துக்கு ஊர் வைத்த பெயர் அது. அந்தப் பெயரில் இன்னும் கொஞ்சம் நன்றி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வேலியில் நின்றது வயலுக்குள் இறங்கியது எப்படி? நெத்து இனிக்கும், பசித்த மாடும் ஆடும் தேடித் தின்னும். விதையைச் சுற்றியிருக்கும் கெட்டி ஓடு வயிற்றின் அமிலத்தைத் தாங்கி, கொஞ்சம் இளகி, சாணத்தோடு விழும். ஈரமும் எருவும் கூடவே வந்துவிட்ட விதைக்கு வேறு என்ன வேண்டும்? ஆனால் உழுகிற நிலத்தில் அந்தக் கன்று ஆடி மாத ஏருக்குத் தாங்காது. கண்மாயில் மாதக்கணக்கில் தண்ணீர் நின்றால் இளங்கன்று அழுகிப்போகும். மடை பழுதாகி, வரத்துக்கால் மேடேறி, கண்மாய் பெருகாமல் போய், இளவட்டங்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் கிளம்பிய பிறகுதான் ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் புஞ்சைகளில் அது குடியேறியது. ஆள் காலி செய்த வீட்டில் அது வந்து உட்கார்ந்துகொண்டது. ஆக்கிரமிப்பு என்று நாம் சொல்லும்போது இந்த முதல் பாதியை வசதியாக விட்டுவிடுகிறோம்.

ஊர்கூடி ஒழிப்பதில் முதல் வேலை அடையாளம் காண்பது. இது எளிது என்று நினைப்பவர்கள் ஒரு முறை கையில் அரிவாளோடு முள்காட்டுக்குள் நின்று பார்க்கவேண்டும். முள் இருக்கிறது, சிறு சிறு இலை இருக்கிறது, உயரமும் ஒன்றுபோல இருக்கிறது. நாட்டுக் கருவேலம், வெள்வேலம், குடைபோல் விரியும் உடை, கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னி என்று எல்லாமே வேகமாக வெட்டுகிறவன் கண்ணுக்கு ஒரே மரம். ஓர் ஊருணிக் கரையில் சீமைக்கருவேலத்தோடு சேர்த்து இரண்டு உடை மரங்களையும் சாய்த்திருந்ததை நானே பார்த்தேன். நிழலுக்காக அந்த ஊர் விட்டுவைத்திருந்த மரங்கள் அவை என்று டீக்கடையில் சொன்னார்கள். வெட்ட வந்தவர்கள் வெளியூர்.

பூவைப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். நாட்டுக் கருவேலத்துக்கும் உடைக்கும் பூ உருண்டை. கருவேலத்துக்கு அது மஞ்சள் பஞ்சுருண்டை. சீமைக்கருவேலத்துக்கு அணில்வால் போல நீண்ட கதிர், வெளிர்மஞ்சள். காயைப் பார்த்தால் இன்னும் உறுதி. நாட்டுக் கருவேலங்காய் விதைக்கு விதை இடுங்கி, கோத்த மணிமாலை மாதிரி தொங்கும். சீமைக்கருவேல நெத்து இடுங்காமல் நீண்டு, சற்றே வளைந்து, பழுத்தால் மஞ்சளாகி இனிக்கும். பூவும் காயும் இல்லாத பருவத்தில் முள்தான் துணை. கருவேல முள் வெள்ளையாக, ஊசியாக, சோடியாக இருக்கும். வன்னிக்கும் சீமைக்கருவேலத்துக்கும் பூக்கதிர் ஒன்றுபோல இருப்பதால் அங்கேதான் கவனம் வேண்டும். சீமைக்கருவேலத்தில் முள் கணுவில் மட்டும் இருக்கும். கொம்பும் கணுவுக்குக் கணு கோணிக்கோணிப் போகும். வன்னியில் கணுவுக்கும் கணுவுக்கும் நடுவில் கூம்பு கூம்பாகச் சிறுமுள் சிதறியிருக்கும். விரலால் மெல்லத் தடவினாலே தெரியும். சற்று அழுத்தித் தடவினால் இன்னும் நன்றாகத் தெரியும்.

வன்னியும் சீமைக்கருவேலமும் ஒரே பேரினம் என்று நூறு வருடத்துக்கு மேலாகத் தாவரவியலும் சொல்லிவந்தது. இரண்டுக்கும் 'புரோசோபிஸ்' என்றே பெயர். 2022இல் மரபணு ஆய்வின் அடிப்படையில் அந்தப் பேரினத்தைப் பிரித்துவிட்டார்கள். வன்னி 'புரோசோபிஸ்' ஆகவே நிற்கிறது. சீமைக்கருவேலம் 'நெல்டுமா' ஆகிவிட்டது. முள்ளின் இடத்தை வைத்து இரண்டையும் என்றைக்கோ வேறாக்கி வைத்திருந்த விறகுவெட்டிக்கு இந்தச் செய்தியைச் சொன்னால், அதற்கு இத்தனை நாளா என்று கேட்பார்.

அடையாளம் காண்பதில் இன்னொரு படி இருக்கிறது. அதைப் பெரும்பாலும் யாரும் கற்றுத்தருவதில்லை. கன்றை அடையாளம் காண்பது அது. முதல் மழைக்கு முளைத்த கன்று விரல்நீளம் இருக்கும். மேலே இருப்பதைவிடக் கீழே ஆணிவேர் நீளம். ஈரமண்ணில் இரண்டு விரலால் இழுத்தால் முழுசாக வந்துவிடும். ஒரு மழைக்காலம் கடந்தால் மண்வெட்டி வேண்டும். நாலு வருடம் போனால் ஜேசிபி. செலவின் ஏணி முழுவதும் அந்த முதல் சில வாரங்களில் தொடங்குகிறது. அந்தச் சில வாரங்களில் அந்த இடத்தில் நடமாடுகிறவர்கள் யார்? ஆடு மேய்ப்பவர்களும் களை எடுக்கும் பெண்களும்தான்.

இனி, தண்ணீர்க் கணக்கு. காற்றிலிருக்கும் ஈரத்தை எல்லாம் இந்த மரம் உறிஞ்சிவிடுகிறது, அதனால்தான் மழையே இல்லை என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. வேர் ஆழம் போவது உண்மை. அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தில் இதன் நெருங்கிய உறவான மரத்தின் வேரை 53 மீட்டர் ஆழத்தில் கண்டிருக்கிறார்கள். எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் மரத்தண்டில் கருவி பொருத்தி அளந்த ஆய்வு, 2021இல் வெளியானது, ஒரு மரம் நாளொன்றுக்குச் சராசரியாக 7 லிட்டர் தண்ணீர் எடுப்பதாகச் சொல்கிறது. ஏழு லிட்டர் ஒரு குடத்துக்குக்கூட வராது. ஆனால் அங்கே அது சுமார் 12 லட்சம் ஹெக்டேரில் நிற்கிறது; மொத்தக் கணக்கு வருடத்துக்கு 300 கோடிக் கனமீட்டரைத் தாண்டுகிறது. ஒற்றை மரத்தை அரக்கனாகக் காட்டுவதைவிட இந்தப் பெருக்கல் கணக்கு எவ்வளவோ பயமுறுத்தும். மிகைப்படுத்திச் சொன்னால்தான் மக்கள் அசைவார்கள் என்பது நம் சூழலியல் பேச்சாளர்களின் நம்பிக்கை. அந்த மிகையால்தான் 2017இல் நீதிமன்றத்தில் ஆதாரம் கேட்டபோது விழிக்கவேண்டியிருந்தது.

இனி தூருக்கு வருவோம்.

ஒரு கண்மாயில் எத்தனை அலுவலகம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் தலை சுற்றும். ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் என்றால் பழைய பொதுப்பணித் துறை, இன்றைய நீர்வளத் துறை. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். 1981 முதல் 1988 வரை சுவீடன் நாட்டு உதவியோடு நடந்த சமூகக் காடுகள் திட்டத்தில் வனத்துறை பல கண்மாய் உள்வாய்களில் நாட்டுக் கருவேலம் நட்டது. அந்த மரம் அதன் கணக்கில். மீன் பாசி ஏலம் தனி, மர ஏலம் தனி. ஏலம் எடுத்தவருக்கு மரத்தின் மேல் உரிமை, தரை வேறொருவருடையது. தூரைத் தோண்டினால் கூலி இரட்டிப்பாகும், தோண்டிய குழிக்கும் பதில் சொல்லவேண்டும். விட்டுவைத்தாலோ நாலு வருடத்தில் அடுத்த ஏலத்துக்குச் சரக்கு தயார். ஏலம் எடுத்தவரும் விட்டவரும் கெட்டவர்களாக இருக்கவேண்டியதில்லை. இருவருக்கும் தூர் இருப்பதில்தான் லாபம்.

இதற்குள் கரிக்காரர் எங்கே நிற்கிறார்? முதுகுளத்தூர், கடலாடி, சாயல்குடி வட்டாரத்தில் மழை பொய்த்த வருடங்களில் அடுப்பெரிய வைத்தது இந்த மரம்தான். வெட்டிய கட்டைகளை நெருக்கி அடுக்கி, வைக்கோலும் தழையும் போர்த்தி, ஈரமண் பூசி, ஒரு வாய் விட்டுத் தீ மூட்டுகிறார்கள். உள்ளே நெருப்பு எரியக்கூடாது, கனலவேண்டும். ராத்திரியும் பகலும் ஒருவர் காவல். மண் எங்கே விரிந்தாலும் உடனே பூசவேண்டும். காற்று புகுந்துவிட்டால் காலையில் மிஞ்சுவது சாம்பல். புகை வெள்ளையாக வரும்வரை ஈரம் போகிறது என்று அர்த்தம். நீலம் தட்டி மெலிந்தால் மூட்டம் பழுத்துவிட்டது. கையில் ஒரு துண்டை எடுத்து இன்னொன்றில் தட்டிப் பார்ப்பார்கள். கண்கண் என்று ஓசை வந்தால் நல்ல கரி. தூர்க்கட்டைக் கரி கனம் அதிகம், வெகுநேரம் கனலும். பெரியவர் அன்று கடப்பாரையோடு உட்கார்ந்திருந்ததன் காரணம் ஊர்நலன் எல்லாம் இல்லை. அவருக்கு அந்தத் தூர் வேண்டும்.

எனக்கு இதில்தான் ஒரு வாசல் தெரிகிறது. மரத்தை வைத்துப் பிழைப்பவன் மரத்தை ஒழிக்கவிடமாட்டான் என்று அதிகாரிகளும் ஆர்வலர்களும் ஒருசேரச் சொல்கிறார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் தூரை எடுக்கும் திறமையும், இன்ன மரம் என்று இருட்டில் தடவிச் சொல்லும் அறிவும், அங்கேயே கிடக்கும் பொறுமையும் அந்த ஒரு கூட்டத்திடம் மட்டுமே சேர்ந்து இருக்கின்றன. தூருக்குத் தனி விலையும், தோண்டிய நிலத்தில் சில வருடம் உழவோ மேய்ச்சலோ செய்துகொள்ளும் உரிமையும் அவர்களுக்குக் கிடைத்தால் கடப்பாரை தானாக ஆழம் போகும்.

குஜராத்தின் கட்ச் பகுதியில் பன்னி என்ற புல்வெளி இருக்கிறது. மால்தாரி என்னும் மேய்ச்சல் மக்களின் நாடு அது. ரண் உப்புப் பாலை புல்வெளிக்குள் நகராமல் தடுக்க 1961இல் வனத்துறை சுமார் 31,550 ஹெக்டேரில் இதே மரத்தை வளர்த்தது. இன்று புல்வெளியின் பெரும்பகுதி அதன் பிடியில். மால்தாரிகள் அதற்கு வைத்த பெயர் 'காண்டோ பாவல்'. பைத்தியக் கருவேலம் என்று பொருள். 2004இல் கரி எரிக்க இருந்த தடையை அரசு தளர்த்தியதும் ஊரே கரியில் இறங்கியது. கையில் காசும் புரண்டது. அவசரத்தில் நாட்டு மரங்களும் மூட்டத்துக்குள் போகின்றன என்ற புகார் எழுந்து 2008இல் மறுபடி தடை வந்தது. தூருக்கு விலை கிடைத்தால் கடப்பாரை தானாக ஆழம் போகும் என்று நான் மேலே சொன்னதற்குப் பன்னி ஒரு கடிவாளம். நாட்டு மரத்துக்குக் காவல் இல்லாத இடத்தில் விலை மட்டும் வந்தால் எல்லா மரமும் விறகுதான். ஆனால் அதே பன்னியில் தங்கள் எருமைகளுக்குப் புல் வேண்டும் என்று மால்தாரிகளே வேரோடு பறித்துப் புல்வெளி மீட்ட இடங்களும் உண்டு. கரிக்காக வெட்டியவர் தூரை விட்டார்; புல்லுக்காக வெட்டியவர் விடவில்லை.

கென்யாவின் பரிங்கோ ஏரிப் பகுதியில் 1980களில் நட்ட மரம் இல்சாமுஸ் மக்களின் மேய்ச்சலை விழுங்கியது. சர்க்கரை நெத்தையே தின்று பல் கொட்டிப்போன ஓர் ஆட்டை 2006இல் அவர்கள் நைரோபி நீதிமன்றத்துக்குச் சான்றாகக் கொண்டுபோனார்கள். நட்டது அரசு, இழப்பீடும் அரசே தரவேண்டும் என்பது வழக்கு. இது நச்சுக்களை என்று பின்னர் அரசு அறிவித்தது. அந்த ஆட்டை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், பொறாமையும் வரும். நம் வழக்குகளில் மனுதாரர்கள் அரசியல்வாதிகளாகவும் வழக்கறிஞர்களாகவும் இருந்தார்கள்; ஆட்டுக்காரர் ஒருவரும் படியேறவில்லை.

தென்னாப்பிரிக்கா 1987இல் நெத்துக்குள் விதையைத் தின்னும் வண்டை இறக்கியது. 1995இல் வேலையற்றவர்களுக்குக் கூலி கொடுத்து அயல்மரங்களை அகற்றும் பெருந்திட்டத்தையும் தொடங்கியது. வண்டுக்கு முன் ஆடுமாடுகள் நெத்தைத் தின்றுவிடுவதால் வண்டால் பெரிதாக ஆகவில்லை. கூலித் திட்டம் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது. முதல் வெட்டுக்கு இருந்த பணமும் கவனமும் மறுவெட்டுக்கு இல்லாத இடங்களில் மரம் திரும்பி வந்தது. கமுதியும் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியும் இந்த ஒரு விஷயத்தில் அண்டை ஊர்கள்.

நம்மிடம் இதற்கு ஒரு பழைய ஏற்பாடு இருந்தது. குடிமராமத்து என்று பெயர். வரத்துக்காலைச் செதுக்குவது, மடையைப் பார்ப்பது, கரையைப் பூசுவது எல்லாம் வருடாவருடம் ஆயக்கட்டுதாரர்களின் முறை. அதன் பெருமையைப் பாடும்போது அதிலிருந்த சாதிக் கட்டளையையும் கூலியில்லா உழைப்பையும் மறந்துவிடக்கூடாது. 1858இல் கும்பினி அரசு போட்ட சட்டத்தின் பெயரே கட்டாய உழைப்புச் சட்டம். 2017இல் குடிமராமத்து என்ற பெயரிலேயே அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. கண்மாய்கள் தூர்வாரப்பட்டன, பலன் இருந்தது. ஆனால் பழையதில் இருந்த வருடாவருடம் என்பது ஒப்பந்தத்தில் எழுதத் தோதாக இல்லை. வேலை முடிந்தது என்று சான்று கொடுத்தால்தான் பில் பாஸாகும். முடியாத வேலைக்குப் பில் போடும் வழியை எந்த அலுவலகமும் கண்டுபிடிக்கவில்லை.

மண்ணில் விதை பல வருடம் உறங்கும். தூரை எடுத்த இடம் அடுத்த மழைக்குப் பச்சைக் கம்பளமாக முளைக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் பலரும் மனம் விட்டுப்போகிறார்கள். உழுதால் போகும். புல் அடர்ந்தாலும் பெருமரத்தின் நிழல் விழுந்தாலும் கன்று நோஞ்சானாகும். நெத்தைப் பொறுக்கி மாவாக அரைத்துவிட்டால் விதை சாகும், மாட்டுக்குத் தீவனமும் ஆகும். எதுவும் பெரிய வித்தை இல்லை. எல்லாமே சின்ன வேலை, திரும்பத் திரும்பச் செய்கிற வேலை.

போன ஐப்பசியில் மறுபடி அந்தக் கண்மாய்க்குப் போயிருந்தேன். பெரியவர் தோண்டிய இடத்தில் குழி பாதி தூர்ந்து, உள்ளே மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. தளிர் எதுவும் இல்லை. பத்தடி தள்ளி, தோண்டாமல் விட்ட தூர்களில் கிளைகள் என் தோளுயரம் வந்துவிட்டன. கரையோரமாக ஓர் அம்மா ஆடு ஓட்டிக்கொண்டு வந்தார். நடக்கும் வாக்கில் குனிவதும் நிமிர்வதுமாக இருந்தார். கிட்டப் போய்ப் பார்த்தேன். இடதுகையில் கொத்தாகச் சீமைக்கருவேலக் கன்றுகள்.

"இது யார் இடம்மா?" என்றேன்.

"யாரு எடமோ. என் ஆடு இங்கதான மேயுது" என்றார்.

கரைமேல் ஒரு கல்லில் அந்தக் கொத்தை, வேர் வெயிலைப் பார்க்கும்படி பிரித்துப் பரப்பிவிட்டு நடந்தார். பக்கத்துக் கல்லில் முந்தின நாள் கொத்து காய்ந்து கிடந்தது.